தொப்பிக்காரன் திரும்பி வந்த படம்

அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள், கல்யாண மாப்பிள்ளையே பெற்ற மகளின் கைப்பையில் கைவிட்டுத் திருடினார் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் தில்லைநாதன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வெல்டிங் பட்டறை வைத்து, ஊரில் பாதி வீட்டுக்கு கேட்டும் கிரில்லும் செய்து கொடுத்தவர். வேலை நடக்கிற வீட்டில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள் ஜனங்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தின் மாடி அறையில், ஜிப் சத்தம் கேட்காமல் பையைத் திறந்து, பளபளவென்று ஒரு வட்டத் தட்டை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அதை அரிசி மூட்டைக்குள் புதைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

அந்தத் தட்டில் இருந்தது ஒரு சினிமா. கறுப்பு வெள்ளை. அமெரிக்காக்காரன் எடுத்த சாகசப் படம். அதன் இங்கிலீஷ் பெயர் அவர்கள் சொந்த ஊரான குமராட்சிப் பக்கத்தில் ஒருத்தர் வாயிலும் நுழைந்ததில்லை. ‘தொப்பிக்காரன் படம்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். மகள் இளமதி அதை எங்கெங்கோ விசாரித்து, சென்னையில் யார் யாரையோ பிடித்து வாங்கி வந்திருந்தாள். அன்று சாயங்காலம் உறவு முறையெல்லாம் கூடியிருக்கும்போது மண்டபத்தில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட வேண்டும், அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

தில்லைநாதன் தட்டைத் திருடியதும் அந்த முகத்தை நினைத்துத்தான். அந்தப் படத்தின் முடிவு என்னவென்று குமராட்சி வட்டாரத்திலேயே அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சமாச்சாரம் இதுதான். எழுபத்தைந்தாம் வருஷம், தில்லைநாதனுக்கும் அவருடைய மாமன் மகள் மலர்க்கொடிக்கும் குமராட்சியில் பரிசம் போட்டார்கள். அவர் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறப் பாஸ்போர்ட்டும் கையுமாக நின்ற நேரம். போய்ச் சம்பாதித்து வந்த பிறகு தாலி என்று பேச்சு. கிளம்புவதற்கு முன்னால் பெண்ணுக்குப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தார்கள். புடவைக் கடையில் பெரியவர்கள் நிறம் பார்த்துப் பார்த்து மாய்ந்துகொண்டிருக்க, சின்னஞ்சிறுசுகளுக்குப் பொழுது போகவில்லை. சரி, ஒரு சினிமா பார்த்துவிட்டு வாருங்கள் என்று துரத்திவிட்டார்கள். தமிழ்ப் படக் கொட்டகையில் டிக்கெட் இல்லை. பக்கத்துக் கொட்டகையில் காலைக் காட்சியாக இங்கிலீஷ் படம் ஓடிற்று. மலர்க்கொடியின் தம்பி உத்திராபதிதான் துணை. அவன் சிவன் கோயில் நந்தி மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கடைசிவரை நகரவில்லை.

படம் பிரமாதம். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் சின்னக் கப்பலில் ஏதோ முத்தைத் தேடிக்கொண்டு ஒரு தீவுக்கு வருகிறான். புயலில் கப்பல் உடைகிறது. சேறும் உப்பங்கழியுமாக ஒரு காட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். வேரெல்லாம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற காடு. கொட்டகையில் பாதிப் பேர் இது நம்ம பிச்சாவரம் என்று சத்தியம் செய்தார்கள். முதலை துரத்துகிறது. தீவுப் பெண் ஒருத்தி துடுப்பாலேயே முதலையை மண்டையில் போட்டு அவனைக் காப்பாற்றுகிறாள். அப்புறம் திடுதிப்பென்று ஒரு பெரிய கப்பல் வருகிறது. தொப்பிக்காரன் தன் தொப்பியைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கப்பலில் ஏறிப் போகிறான். அவள் கரையில் நிற்கிறாள். திரையில் கொட்டை எழுத்தில் ஏதோ வருகிறது. விளக்கு போட்டார்கள். எல்லாரும் முறுக்குக்கும் கோலி சோடாவுக்கும் எழுந்து போனார்கள்.

இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் தொப்பிக்காரன் தீவில் நிற்கிறான். எப்போது வந்தான், எப்படி வந்தான் என்று காட்டவில்லை. தொப்பியும் தலையில் இருந்தது. போனவன் வந்தான், அவள் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதானே? அதைப் போய் யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்? பிறகு வில்லனோடு கயிற்றுப் பாலத்தில் சண்டை. கடைசியில் தொப்பிக்காரனும் அந்தப் பெண்ணும் ஒரு படகில் உட்கார்ந்து மீன் சுட்டுத் தின்கிறார்கள். மீன் முள் அவன் தொண்டையில் சிக்கிக்கொள்ள, அவள் முதுகில் ஒரு போடு போட, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது படம் முடிந்தது. மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

தில்லைநாதன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனார். போனவர் சீக்கிரத்தில் திரும்புகிறவராகத் தெரியவில்லை. ஒரு வருஷம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. கடல் தாண்டிப் போனவனை நம்பி எவ்வளவு காலம் பெண்ணை வைத்திருப்பது என்று மலர்க்கொடியின் அப்பா லால்பேட்டைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பார்த்து வைத்தார். மலர்க்கொடி அசையவில்லை. வீட்டில் என்ன பேச்சு வந்தாலும் அவளுக்கு ஒரே பதில்தான். தொப்பிக்காரன் போனான், வரவில்லையா? அதே மாதிரி மாமாவும் வரும். படிக்காத பெண் இங்கிலீஷ் படத்தைச் சாட்சிக்கு இழுக்கிறாள் என்று ஊரே சிரித்தது. அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தில்லைநாதனும் ஒரு மழைக்காலத்தில், கொள்ளிடம் கரை புரண்டு ஓடிய நேரத்தில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். ஜெயித்த பெண்ணின் நடையைக் கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து அந்தப் படத்தை மலர்க்கொடி சொல்லாத வளைகாப்பு இல்லை, காதுகுத்து இல்லை. உத்திராபதி பங்குக்கு அவனும் சொன்னான். அவன் சொல்லும்போது முதலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

அவள் சொல்லும்போதெல்லாம் தில்லைநாதன் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருப்பார். ஏனென்றால் அதே படத்தை அவர் சிங்கப்பூரில் இன்னொரு தடவை பார்த்திருந்தார். அவர் வேலை பார்த்த கப்பல் பட்டறைத் தொழிலாளிகளுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு கொட்டகையில் போட்டார்கள். ஊர் நினைப்பில் ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மீன் சுடுகிற படகு பாதியிலேயே வந்துவிட்டது. இதென்ன கூத்து என்று நெளிந்தார். முடிவில் பெரிய கப்பல் வந்தது. தொப்பி கை மாறியது. அவள் கரையில் நின்றாள். கொட்டை எழுத்து வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், இந்தத் தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். படம் முடிந்தது என்று போட்டிருந்தது. சிதம்பரத்தில் இந்த எழுத்து வந்தபோது, அவர் உத்திராபதியின் தலைக்குப் பின்னால் கழுத்தை வளைத்து மலர்க்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தீவு ஜனங்கள் என்று குதித்துக் கூத்தாடினவர்கள் எல்லாரும் கறுப்பு மை பூசிய வெள்ளைக்காரர்கள். ஒருத்தன் கழுத்துக்குக் கீழே மை பூச மறந்திருந்தான். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் அதைக் காட்டிச் சிரித்தார். தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிச்சாவரம், பிச்சாவரம் என்று மார்தட்டிய காட்டில் நம்மைப் போல ஒருத்தனும் இல்லை என்பது ஒரு பக்கம் எரிந்தது. அதே சமயம் அந்த முதலைச் சண்டை வந்தபோது விசிலும் அடித்தார். பிடித்துத் தொலைத்த படத்தை என்னதான் செய்வது?

ஊர் வந்த பிறகு சிதம்பரத்துக் கொட்டகையில் படம் ஓட்டிய தேவசகாயத்தைத் தேடிப் பிடித்து விசாரித்தார். தேவசகாயம் ஒளிக்கவில்லை. டப்பாவில் எண் அழிந்திருந்ததில் கடைசி ரீலும் நடு ரீலும் இடம் மாறிப்போயின. முதல் நாள் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு காலேஜ் புரொபசர் வந்து சத்தம் போட, சரியாக மாற்றிப் போட்டார்கள். அவ்வளவுதான், இரண்டாம் தடவை பார்க்க வந்த ஜனம் கிளைமாக்ஸை வெட்டிவிட்டார்கள் என்று நாற்காலியைத் தூக்கி அடித்தது. மேனேஜர் ஓடி வந்து, பழையபடியே போடுய்யா என்று கையெடுத்துக் கும்பிட்டார். படம் தூக்குகிற வரைக்கும் அப்படியேதான் ஓடியது.

இதைத் தில்லைநாதன் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த முடிவை நம்பித்தானே அவள் காத்திருந்தாள்? அது தேவசகாயத்தின் கைப்பிழை என்று சொன்னால், இத்தனை வருஷம் நம்பியதெல்லாம் வெறும் டப்பாக் குழப்பமா என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதோடு, சிங்கப்பூரில் எப்போது பார்த்தீர்கள், பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்குத்தான் அவர் அதிகமாகப் பயந்தார்.

அரிசி மூட்டை வேலைக்கு ஆகவில்லை. மத்தியானம் சமையல்காரர் உலை வைக்க அரிசி அள்ளும்போது தட்டு முறத்தில் வந்து விழுந்தது. அவர் அதைக் கழுவித் துடைத்து, யாருடையது என்று பந்தியில் நின்று கேட்டார். இளமதி ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். குழந்தைகள் வேலையாக இருக்கும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். காணாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, லேப்டாப்பில் காப்பி பண்ணி வைத்திருக்கிறேன் என்று அவள் புருஷன் அருண்குமார் மாமனாருக்கு ஆறுதல் சொன்னான். மருமகன் என்றால் இப்படி முன்யோசனையோடு இருக்க வேண்டும் என்று எல்லாரும் மெச்சினார்கள். தில்லைநாதனும் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

அடுத்தது தெய்வத்தை இழுத்துப் பார்த்தார். நல்ல காரியத்துக்கு முதல் நாள் சாமி படம் போடலாமே என்றார். மலர்க்கொடி, சாமியை நேரிலேயே நடராஜர் கோயிலில் பார்த்துவிட்டுத்தானே வந்தோம் என்றாள். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், கடைசிக் கொஞ்சத்தை நிறுத்திவிடலாம் என்று மருமகனின் காதில் ஓதினார். அவனும் சரி மாமா என்றான். அப்படியும் பயம் விடவில்லை. கடைசியாகக் கரண்டுக்காரனை நம்பினார். அந்த வருஷம் கரண்டு போகாத நாள் எது? இன்றைக்கு மட்டும் போகாமலா இருக்கும்?

நம்பிக்கை வீண் போகவில்லை. பொழுது இறங்கி, இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் பந்தியில் ஓடி முடிந்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, படம் ஆரம்பித்துத் தொப்பிக்காரன் கப்பல் புயலில் ஆடிய நேரத்தில் மண்டபமே இருண்டது. தில்லைநாதன் இருட்டில் தில்லைக் கூத்தனை நோக்கிக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் தடதடத்தது.

“கவலைப்படாதீங்க மாமா, டீசல் ஜாஸ்தியாவே ஊத்தி வச்சிருக்கேன்” என்றான் அருண்குமார்.

அதற்குப் பிறகு அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மலர்க்கொடிக்கு அப்போது வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் இரண்டும் பரிசம் போட்ட நாளில் இருந்த மாதிரியே விரிந்து கிடந்தன. உத்திராபதி எழுந்து நின்று, இப்ப பாருங்க, இப்ப வரும் பாருங்க என்று முதலைக்கு முன்னாலேயே முதலையை அறிவித்துக்கொண்டிருந்தான். வந்த முதலையைப் பார்த்துக் குழந்தைகள், ரப்பர் ரப்பர் என்று கத்தின. அவன் சொல்லியிருந்த நீளத்தில் அது கால்வாசிகூட இல்லை. அந்தக் காலத்தில் இன்னும் பெரிசாகத்தான் இருந்தது, சி.டி.யில் ஏற்றும்போது சுருங்கிவிட்டது என்று உத்திராபதி சொன்னான். அதையும் நாலு பேர் நம்பினார்கள்.

தீவு ஜனங்கள் ஆடிய இடத்தில் இளமதி முகத்தைச் சுளித்தாள். மை பூசிக்கொண்டு ஆடுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், இப்படி எடுத்ததே தப்பு என்று அம்மாவிடம் சொன்னாள். மலர்க்கொடி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். பிச்சாவரத்துப் பக்கம் கிள்ளையில் இருந்து நாலு பேரைக் கூட்டிப் போயிருந்தால் துடுப்பையாவது ஒழுங்காகப் பிடித்திருப்பார்கள் என்றாள். இத்தனை வருஷம் தன் தொண்டையில் முள்ளாக நின்ற ஒன்றை இவள் இரண்டு பேச்சில் துப்பிவிட்டாளே என்று தில்லைநாதனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அந்தப் படகு வந்தது. மீன் சுடுகிற படகு. வர வேண்டிய இடத்தில், அதாவது படத்தின் நடுவில், வந்தது.

“மாப்ள, நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றாள் மலர்க்கொடி. “கடைசியில வர்றதை முன்னாடியே போடுறீங்களே.”

அருண்குமார் விழித்தான். படம் அப்படித்தான் இருக்கிறது அத்தை என்றான். அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவன் மேல் தப்பில்லை, அந்தக் காலத்து ரீலைப் பார்த்துத் தட்டில் ஏற்றினவன்தான் மாற்றி ஏற்றிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னாள். உத்திராபதி எழுந்து அதை வழிமொழிந்தான். கதையை வருஷக்கணக்காக இரண்டு பேர் வாயிலும் கேட்டு வளர்ந்த உறவுக்காரர்கள் எல்லாரும், ஆமாம் ஆமாம், இது கடைசியில்தான் வரணும் என்றார்கள். சரி, ஓடட்டும், நாமே வரிசைப்படுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று மலர்க்கொடி பெரிய மனசோடு அனுமதித்தாள். படம் மேலே ஓடியது.

கயிற்றுப் பாலம் அறுந்தது. வில்லன் விழுந்தான். பெரிய கப்பல் வந்தது. கடைசியை நிறுத்தச் சொல்லியிருந்த மாமனாரை அருண்குமார் திரும்பிப் பார்த்தான். மண்டபத்தில் ஒருத்தர் கண்ணும் திரையைவிட்டு அசையவில்லை. இந்த நேரத்தில் நிறுத்தினால் மருமகனை உயிரோடு விடமாட்டார்கள். தில்லைநாதன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான். கொடுத்தான். ஏறினான். கப்பல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவள் கரையில் நின்றாள். கொட்டை எழுத்து வந்தது. திரை வெறும் வேட்டி ஆகிவிட்டது.

தில்லைநாதன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ கேட்கப் போகிறாள், இதோ கேட்கப் போகிறாள் என்று காது சிவந்தது.

மலர்க்கொடி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“இன்டர்வெல் வுட்டாச்சு. எல்லாரும் போயி காப்பி குடிச்சிட்டு வாங்க.”

எல்லாரும் எழுந்தார்கள். சந்தேகமே இல்லாமல் எழுந்தார்கள். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள். ஆண்கள் காப்பி டிரம்மைச் சூழ்ந்தார்கள். உத்திராபதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல்தான் இருக்கு விஷயமே என்று சின்ன வயதுக்காரர்களை உசுப்பிக்கொண்டிருந்தான். இளமதி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். படம் முடிந்துவிட்டதும்மா என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

“எப்புடிடீ முடியும்? போனவன் இன்னும் வரலியே.” மலர்க்கொடி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்பது போல ஒரு பார்வை. பிறகு காப்பி குடிக்கப் போனாள்.

இளமதி அப்பாவிடம் ஓடி வந்தாள். இப்போது என்ன செய்வது, எல்லாரும் திரும்ப வந்து உட்காரப் போகிறார்களே என்றாள். தில்லைநாதனுக்கு உள்ளுக்குள் என்னவோ உடைந்து, சிரிப்பாகக் கிளம்பியது. காலையிலிருந்து அரிசி மூட்டையிலும் அம்பலத்திலும் அலைந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருமகனிடம் போய்ப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தேவசகாயம் உட்கார்ந்த இடத்தில் இப்போது தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

“மாப்ள, அந்தப் பாலத்துச் சண்டையைப் போடுங்க. அது முடிஞ்சதும், மீன் சுடுற படகு வருதில்ல, அதைப் போட்டுட்டு நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஓட வுட்றாதீங்க.”

அருண்குமார் கேள்வி கேட்கவில்லை. தில்லைநாதன் திரும்பிப் போய் மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. தொப்பிக்காரன் பாலத்தில் நின்றான். தொப்பி தலையில் இருந்தது. மண்டபமே கைதட்டியது. வந்துட்டான்ல, நான் சொல்லல, வந்துட்டான்ல என்று உத்திராபதியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சற்று முன்னால் பார்த்த அதே சண்டைக்கு அதே ஜனம் புதுசாகப் பதறியது.

பிறகு படகு வந்தது. அவள் மீனைத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். மலர்க்கொடி சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் தோள் குலுங்குவது அவர் தோளில் தெரிந்தது. இனிமேல் பயப்பட என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. படம் எங்கே முடிகிறது என்பதை முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாகிவிட்டதே.

“மலரு, இந்தப் படத்தை நான் சிங்கப்பூர்லயும் ஒரு தடவை பாத்தேன்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அங்க எப்புடிப் போட்டாங்க?”

“தொப்பிக்காரன் கப்பல் ஏறிப் போறதோட முடிச்சிட்டாங்க. அவன் வரவே இல்ல.”

இப்போது திரும்பினாள். திரை வெளிச்சம் அவள் கண்ணாடியில் ஆடியது. “அப்புறம்?”

“அன்னைக்கு நான் இன்னும் மூணு வருஷம் இருக்கறேன்னு சொல்றதா இருந்தேன். மறுநாள் கையெழுத்துப் போடணும். போர்மேன் ஆக்குறேன்னாங்க. ஊருக்கு என்னா சொல்றது, மலரு வேற எடம் பாத்துக்கட்டும்னு கூட ஒரு நெனப்பு வந்துச்சு.” அவருக்குக் குரல் இறங்கியது. “படத்துல அந்தப் பொண்ணு தொப்பிய வச்சிக்கிட்டு நிக்கறதைப் பாத்தேன். மறுநாள் போயி, ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டேன்.”

திரையில் தொப்பிக்காரனுக்கு முள் சிக்கியது. அந்தப் பெண் அவன் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மலர்க்கொடி அவர் கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெல்டிங் தீப்பொறி பட்டுப் பட்டுச் சொரசொரத்துப்போன கை. முப்பது வருஷத்துக்கு மேலாக வயிற்றில் கிடந்த கல் கரைவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

“அங்க வுட்டுப்போன மிச்சத்தை நீங்கதான் வந்து ஓட்டியிருக்கீங்க மாமா” என்றாள்.

படகில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அருண்குமார் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினான். விளக்கு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜனம் எழுந்தது. நாளைக்குக் காலையில் மாலை மாற்றப்போகிற பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்திருக்காமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதை உத்திராபதிதான் முதலில் பார்த்தான். நல்லவேளை, இந்தத் தடவை அவன் நடுவில் இல்லை.

மலர்க்கொடி தம்பியைப் பார்த்தும் கையை விடவில்லை. புருஷனின் நரைத்த தலையை ஒரு தடவை பார்த்தாள்.

“தொப்பிதான் வாங்கியாரல” என்றாள்.

தில்லைநாதன் உறவுமுறை அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் அவருக்குப் புரை ஏறியது. மலர்க்கொடி அவர் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.